பழைய கார் சூடானதும் ஸ்டார்ட் ஆக அடம் புடிக்குதா? சூடு ஆறுறதுக்குள்ள பார்த்துடுங்க

காலைல சாவியைத் திருப்பினா முதல் அடியிலயே புடிச்சுக்குது, நல்லா ஓடுது, வழியில எதுக்கோ ஒரு கால் மணி நேரம் நிறுத்திட்டு வந்து திரும்ப செல்ஃப் அடிச்சா எடுக்கவே மாட்டேங்குது. அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்குற நிலைமைக்கு வந்துடும். அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு வந்து அடிச்சா எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) வச்ச பழைய கார் புதுசா வாங்கினவங்களை ரொம்ப கஷ்டப்படுத்துற விஷயம் இதுதான், ஏன்னா மெக்கானிக்கிட்ட கொண்டு போறதுக்குள்ள இன்ஜின் ஆறிடும், அவர் அடிச்சா டக்குனு எடுத்துக்கும், "வண்டி நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லிடுவாரு.

அதனால இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதோட கிளைதான். இந்தக் கோளாறை இன்ஜின் சூடா இருக்கும்போது, எடுக்காம நிக்குற அந்தப் பத்து நிமிஷத்துலயே பார்க்கணும். ஆறின இன்ஜின்ல எத்தனை பாகத்தைக் கழட்டி மாட்டினாலும் அது குருட்டாம்போக்குதான், காசுதான் போகும்.

நிறுத்தினதுக்கு அப்புறம் உள்ள என்ன நடக்குது

வண்டி ஓடுற வரைக்கும் ஃபேன் சுத்துது, ரேடியேட்டர் தண்ணி சுத்துது, முன்னாடி இருந்து காத்து அடிக்குது, புது பெட்ரோல் வந்துகிட்டே இருக்கிறதால கார்ப்ரேட்டரும் கொஞ்சம் குளுமையாவே இருக்கும். சாவியை அணைச்ச நிமிஷம் இது எல்லாமே நின்னுடுது, ஆனா இன்ஜின் பிளாக்குலயும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுலயும் (இன்ஜின்ல இருந்து புகையை வெளிய கொண்டு போற வார்ப்புக் குழாய்) இருக்கிற சூடு எங்கயும் போகலை, மெதுவா மேல ஏறி பானட்டுக்குள்ளயே தங்குது. அதனால நிறுத்தின பிறகு முதல் பத்து இருபது நிமிஷம் கார்ப்ரேட்டர், பெட்ரோல் பம்ப், காயில் (பேட்டரி வோல்ட்டை ஸ்பார்க்குக்கு ஏத்திக் குடுக்குற பாகம்) எல்லாம் ஓடும்போது இருந்ததை விட அதிகமா சூடாகும். பெட்ரோல்ல இருக்கிற லேசான பகுதிங்க 35, 40 டிகிரி செல்சியஸ்லயே கொதிக்க ஆரம்பிச்சிடும்ங்கிறதையும் சேர்த்துப் பாருங்க, மிச்சம் உங்களுக்கே புரிஞ்சிடும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, எத்தனால் தனியா 78 டிகிரியிலதான் கொதிக்கும், ஆனா 5, 10 சதவீதம்னு பெட்ரோலோட கலந்தா மொத்தக் கலவையும் முன்ன விட சீக்கிரம் ஆவியாகும். அந்தக் காலத்து கார்ப்ரேட்டர் இந்தப் பெட்ரோலை மனசுல வச்சு செஞ்சது இல்ல, அதான் அப்ப தொல்லை குடுக்காத வண்டி கூட இப்ப குடுக்குது.

கிளம்புறதுக்கு முன்னாடி

ஒரு டார்ச், பிளக் ஸ்பேனர், நல்ல ஸ்பார்க் பிளக் ஒண்ணு, மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லைட், முதலை கிளிப் போட்ட ரெண்டு மூணு வயர், கெட்டியான கையுறை, ஈரத்துணிக்கு ரெண்டு பாட்டில் தண்ணி. கூடவே தீயணைப்பான். இது இல்லாம சூடான பெட்ரோல் பக்கத்துல ஸ்பார்க் டெஸ்ட் பண்ணவே பண்ணாதீங்க, இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ரேடியேட்டர் மூடியை சூட்டுல தொடவே கூடாது.

இப்ப வண்டியை எடுத்துட்டு அரை மணி நேரம் நல்லா ஓட்டுங்க, வழக்கமா மக்கர் பண்ணுற மாதிரி ஓட்டுங்க, வந்து நிறுத்திட்டு பானட்டைத் திறக்காம கால் மணி நேரம் விடுங்க. அந்த நேரத்துல ஒரு நோட்டுல எழுதி வைங்க, நிறுத்தின உடனே அடிச்சா எடுக்குதா, பத்து நிமிஷத்துலயா அரை மணியிலயா எப்ப அடம் புடிக்குது, எவ்வளவு நேரத்துல சரியாகுது, டேங்க்ல பெட்ரோல் எவ்வளவு இருந்துச்சு. உடனே அடிச்சா எடுக்குது, கால் மணி கழிச்சு எடுக்கல, ரெண்டு மணி நேரத்துல தானா சரியாகுதுன்னா பெரும்பாலும் பெட்ரோல் சூடாகுற பிரச்சினை. ஓடிக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு சுவிட்ச் அணைச்ச மாதிரி நின்னு போகுதுன்னா என் சந்தேகம் முதல்ல கரண்ட் பக்கம்தான் போகும். ஓடும்போதே இழுத்து இழுத்து, மூச்சு வாங்குற மாதிரி திணறி நிக்குதுன்னா பெட்ரோல் வரலைன்னு அர்த்தம்.

முதல்ல காதுல கேளுங்க

சாவியைத் திருப்புங்க. செல்ஃப் எப்பவும் போல வேகமா சுத்துதா, இல்ல காலைல சுத்துற மாதிரி இல்லாம மந்தமா முக்கி முனகி சுத்துதா? புதுசா வர்றவங்க பாதிப் பேர் இந்த ஒரு கேள்வியை விட்டுட்டு நேரா கார்ப்ரேட்டர் மேல கை வச்சிடுறாங்க.

மந்தமா சுத்துதுன்னா பெட்ரோலை மறந்துடுங்க. மல்டிமீட்டரை பேட்டரி மேல வச்சு இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அடிக்காதப்ப 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், அடிக்கும்போது 9.6க்கு கீழ போகக் கூடாது. 6 வோல்ட் வண்டின்னா கணக்கைப் பாதியாக்கிக்குங்க. பேட்டரி நல்லா இருந்தும் மந்தமா சுத்துனா மீட்டரோட ஒரு முனையை பேட்டரியோட நெகட்டிவ் கம்பத்துலயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்லயும் வச்சு அடிக்கச் சொல்லுங்க (சில பழைய வண்டிகள்ல பாசிட்டிவ்தான் பாடியோட எர்த் ஆகியிருக்கும், அதுல பாசிட்டிவ் கம்பத்துல வைங்க). அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் வயர்தான் குற்றவாளி. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற அந்தப் பின்னல் வயர் கருத்துப் போயி, போல்ட்டுக்கு அடியில துரு புடிச்சு உக்காந்திருக்கும், கழட்டி உப்புக் காகிதத்துல தேய்ச்சு இறுக்கினாலே நிறைய வண்டி சரியாயிடுது.

அதுவும் நல்லா இருந்தா செல்ஃப் மோட்டாரைப் பாருங்க. நிறைய வண்டியில அது எக்ஸாஸ்ட் பைப்புக்கு பக்கத்துலயே உக்காந்திருக்கு. செம்புக் கம்பி சூடாக சூடாக கரண்ட்டைத் தடுக்கும், 80 டிகிரி ஏறினா தடை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடும், தேஞ்ச புஷ்ஷும் தேஞ்ச கார்பன் பிரஷ்ஷும் சேர்ந்தா மோட்டார் பாவம் என்னதான் பண்ணும். மோட்டாரைக் கழட்டி பிரஷ், புஷ் மாத்தணும், எக்ஸாஸ்ட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தகரத் தடுப்பு போடணும். இன்னொண்ணு, சுத்தும்போது டொக் டொக்குன்னு யாரோ எதிர்ப்பக்கம் உதைக்கிற மாதிரி தடுக்கி தடுக்கி சுத்துனா அது மோட்டார் இல்ல, இக்னிஷன் டைமிங் அட்வான்ஸா இருக்கு, அதாவது ஸ்பார்க் வர வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே வருது. டைமிங் லைட் வச்சு மேனுவல்ல சொன்ன டிகிரிக்கு கொண்டு வந்துடுங்க.

வேகமா சுத்தியும் எடுக்கலைன்னா

இங்கதான் கதையே இருக்கு, அவசரப்படாதீங்க. சாவியை அணைச்சுட்டு ஏர் ஃபில்டரைக் கழட்டி டார்ச் அடிச்சு கார்ப்ரேட்டர் தொண்டைக்குள்ள எட்டிப் பாருங்க. யாரும் ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கிட்டே இருங்க. பெட்ரோல் வர்ற மெயின் நாசில் நுனியில ஒரு சொட்டு மெதுவா திரண்டு, வெளிச்சத்துல மின்னி, கீழ இருக்கிற த்ராட்டில் தகடு (ஆக்சிலேட்டரை மிதிச்சா திறக்குற மூடி) மேல விழுந்து புஸ்ஸுனு ஆவியாகும், உடனே அடுத்த சொட்டு. சில சமயம் ஃப்ளோட் கிண்ணத்துக்குள்ள (கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் தேங்கி நிக்குற இடம்) குமுகுமுன்னு கொதிக்கிற சத்தம் கூட கேக்கும். இதை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டீங்கன்னா அப்புறம் யாரும் உங்களுக்கு விளக்கவே வேண்டாம். கிண்ணத்துல பெட்ரோல் கொதிச்சுப் பொங்கி, இன்ஜின் நிக்கும்போதே உள்ள வழிஞ்சு, கார்ப்ரேட்டர்ல இருந்து இன்ஜினுக்குப் போற இன்டேக் மேனிஃபோல்டு முழுக்க பெட்ரோல் ஆவி நிறைஞ்சு போயிருக்கு. காத்து பத்தலை, பெட்ரோல் அதிகம், பத்திக்காது. இதைத்தான் ஃப்ளட் ஆயிடுச்சுன்னு சொல்றோம்.

இதை உறுதி பண்ண ஒரு சுலபமான வழி இருக்கு, அதுவே ரோட்டுல மாட்டிக்கிட்டா வைத்தியமும் கூட. சோக் (குளிர்ந்த இன்ஜினுக்கு பெட்ரோலைக் கூட்டிக் குடுக்குற இழுவை) முழுசா உள்ள தள்ளி இருக்கான்னு பாருங்க, ஆக்சிலேட்டரை மெதுவா தரை வரைக்கும் அழுத்தி அப்படியே புடிச்சுக்குங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க, அழுத்தின கால் அழுத்தினபடியே பத்து செகண்ட் செல்ஃப் அடிங்க. த்ராட்டில் முழுசா திறந்திருக்கிறதால காத்து நிறைய போய் அந்த அதிகப்படி ஆவியை வெளிய தள்ளிடும். திக்கித் திக்கி புடிச்சு, பின்னாடி கரும்புகை தள்ளி, அப்புறம் சீரா ஓடுச்சுன்னா ஃப்ளட்டிங்தான், சந்தேகமே வேணாம். மிதிச்சு மிதிச்சு அடிக்கிற பழக்கம் எல்லாருக்கும் வந்துடுது, ஆக்சிலேட்டர் பம்ப் வச்ச வெபர், சோலெக்ஸ் மாதிரி கார்ப்ரேட்டர்ல ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை உள்ள பீச்சுறீங்க, இருக்கிற கஷ்டத்தைக் கூட்டிக்கிறீங்க. எஸ்யூ, ஸ்ட்ராம்பர்க் வகையில அந்தப் பம்ப்பே கிடையாது, அதுல மிதிச்சாலும் பிரயோஜனம் இல்ல.

எடுக்கலையா, இப்ப தொண்டைக்குள்ள பார்த்துக்கிட்டே த்ராட்டில் லிவரைக் கையால ஒரு தடவை முழுசா திறங்க. ஆக்சிலேட்டர் பம்ப் இருக்கிற வண்டின்னா கோடு மாதிரி பெட்ரோல் பீச்சணும். பீச்சுச்சுன்னா கிண்ணத்துல பெட்ரோல் இருக்கு. வெறும் காத்தோ, ரெண்டு சொட்டு நுரையோ வந்தா கிண்ணம் காலி, கொதிச்சு ஆவியா போயிடுச்சு, இல்ல பம்ப்புல இருந்து வரவே இல்ல.

அடுத்து ஒரு பிளக்கைக் கழட்டுங்க, கையுறை போட்டுக்குங்க. நனைஞ்சு, கருத்து, பெட்ரோல் வாடை அடிச்சா அதிகமா வந்திருக்கு, இல்ல பெட்ரோல் வந்தும் ஸ்பார்க் பத்த வைக்கலை. காய்ஞ்சு இருந்தா பெட்ரோல் வந்து சேரலை.

பெட்ரோல் வரலைன்னா

பழைய வண்டி நிறையதுல பம்ப் இன்ஜின் பிளாக் மேலயே போல்ட் போட்டு இருக்கும், கேம் ஷாஃப்ட் தள்ளுற லிவர் வச்சது. அது பெட்ரோலை டேங்க்ல இருந்து உறிஞ்சுது, உறிஞ்சுற பக்கம் அழுத்தம் குறையறதால பெட்ரோல் இன்னும் குறைஞ்ச சூட்டுலயே ஆவியாகும், அந்தப் பம்ப்பால திரவத்தைத் தள்ள முடியும், ஆவியைத் தள்ள முடியாது. அதுதான் வேப்பர் லாக். பம்ப் மேலயும் அதுக்கு வர்ற இரும்பு பைப் மேலயும் ஈரத்துணியைச் சுத்தி, ரெண்டு மூணு நிமிஷம் தண்ணி ஊத்தி நனைச்சுக்கிட்டே இருந்து அடிச்சுப் பாருங்க. எடுத்துச்சுன்னா கண்டுபுடிச்சாச்சு. தண்ணி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல மட்டும் படவே கூடாது, வார்ப்பிரும்பு சூட்டுல விரிசல் விட்டுடும்.

கண்ணாடி ஃபில்டர் பாதிதான் நிறைஞ்சிருக்குன்னு பயப்படாதீங்க, நல்லா ஓடுற வண்டியிலயும் அது அப்படித்தான் இருக்கும்.

வேப்பர் லாக்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க, டேங்க் மூடியைத் திறங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்குற சத்தம் கேட்டு, அதுக்கப்புறம் வண்டி எடுத்துச்சுன்னா மூடியில இருக்கிற மூச்சு ஓட்டை அடைச்சிருக்கு. அறிகுறி அச்சு அசலா வேப்பர் லாக் மாதிரியே இருக்கும், செலவு ஒரு ஊசி.

ஸ்பார்க் பார்க்குறது

கழட்டின பிளக் ஓட்டைக்கு மேல துணி போட்டு மூடுங்க, கையில இருக்கிற நல்ல பிளக்கை வயர்ல மாட்டி, ஓட்டையில இருந்தும் கார்ப்ரேட்டர்ல இருந்தும் தள்ளி இன்ஜின் இரும்புல நல்லா பட வச்சு, ஒருத்தரை அடிக்கச் சொல்லுங்க. நீலமா, டக் டக்குன்னு சத்தத்தோட வந்தா நல்லது. மஞ்சளா, மெல்லிசா, விட்டு விட்டு வந்தா பலவீனம். இதை காலைல குளிர்ந்த இன்ஜின்லயும் ஒரு தடவை பார்த்து வச்சுக்குங்க, ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் வித்தியாசம் தெரியும்.

ஸ்பார்க் வரலைன்னா முதல்ல டெஸ்ட் லைட்டை காயிலோட இக்னிஷன் முனையில வச்சு அடிக்கச் சொல்லுங்க. அடிக்கும்போது லைட் அணைஞ்சு போனா இக்னிஷன் சுவிட்சு, இல்ல பேலாஸ்ட் ரெசிஸ்டரை (காயிலுக்குப் போற கரண்ட்டைக் குறைக்கிற தடை) தாண்டிப் போற வயரு. லைட் எரியுதுன்னா அடுத்தது காயில். வயரைக் கழட்டிட்டு ரெண்டு சின்ன முனைக்கும் நடுவுல ஓம் பாருங்க, பேலாஸ்ட் இல்லாத வண்டியில 3 ஓம் பக்கமும் பேலாஸ்ட் இருக்கிற வண்டியில 1.5 ஓம் பக்கமும் இருக்கணும். சூட்டுல எகிறிப் போயிருந்தா காயில் உள்ள அறுந்து அறுந்து சேருது. இன்னொரு விஷயம், 3 ஓம் காயில் போட வேண்டிய இடத்துல 1.5 ஓம் காயில் போட்டிருந்தா அது அளவுக்கு மீறி கரண்ட் இழுத்து கொதிச்சுப் போகும், பழைய ஓனர் யாரோ மாத்தியிருப்பாங்க, நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

கண்டென்சரை (கரண்ட்டைக் கொஞ்ச நேரம் புடிச்சு வச்சு ஸ்பார்க்குக்கு உதவுற பாகம்) பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். என் வண்டி 1960கள்ல வந்த நாலு சிலிண்டர், ரெண்டு வருஷம் என்னை வழி வழியா நிக்க வச்சுது. பார்த்த எல்லாரும் கார்ப்ரேட்டர்னாங்க, ரெண்டு தடவை பிரிச்சுக் கழுவினோம், பம்ப் மாத்தினோம், ஒண்ணும் மாறலை. ஒரு நாள் அது எடுக்காம நின்னப்ப, கையில இருந்த வேற ஒரு பழைய கண்டென்சரை முதலை கிளிப் வயரால காயிலோட டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற பாகம்) பக்க முனையில மாட்டி, அதோட உடம்பை பிளாக்குல சேர்த்துப் புடிச்சு அடிச்சேன். அரைச் சுத்துல எடுத்துச்சு. எனக்குக் கையெல்லாம் நடுங்குச்சு, ரெண்டு வருஷக் கஷ்டம், விரல் கட்டை அளவுல ஒரு தகர டப்பா. 0.2 மைக்ரோஃபாரட் பக்கம் இருக்க வேண்டிய அந்தச் சின்ன சாமான் சூடானா மட்டும் உள்ளுக்குள்ள தொடர்பு விட்டுப் போயிட்டு இருந்திருக்கு, ஆறினா மீட்டர்ல சரியாவே காட்டும். நீங்க இந்தச் சோதனை பண்ணும்போது ஒண்ணு கவனிங்க, உள்ள ஷார்ட் ஆன கண்டென்சர்னா கூட இன்னொண்ணு மாட்டினாலும் ஸ்பார்க் வராது, பழசோட வயரைக் கழட்டிட்டுத்தான் புதுசை மாட்டிப் பார்க்கணும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள காயில் கரண்ட்டை விட்டு விட்டு அறுக்குற பாயிண்ட்டோட இடைவெளியும் பார்த்துடுங்க, பல வண்டிக்கு 0.4 மில்லிமீட்டர் பக்கம், உங்க மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு. பாயிண்ட்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருந்தா, அதுவும் சூட்டுல கைவிடுற ஜாதிதான். பழைய பாயிண்ட் செட்டை டிக்கியில வச்சுக்குங்க.

சரி பண்றது

ஃப்ளட்டிங்னு தெரிஞ்சா உடனே ஹீட் ஷீல்டு வாங்க ஓடாதீங்க. முதல்ல ஃப்ளோட் மட்டம் சரியா, கிண்ணத்துக்கு வர்ற பெட்ரோலை நிறுத்துற நீடில் வால்வு ஒழுங்கா மூடுதான்னு பாருங்க, ரப்பர் நுனி வச்ச நீடில்ல பள்ளம் விழுந்திருந்தா மாத்துங்க. பம்ப் அழுத்தம் அதிகமா இருந்தாலும் நீடிலைத் தள்ளிக்கிட்டு வழியும், பழைய கார்ப்ரேட்டர் நிறையதுக்கு 2ல இருந்து 4 பிஎஸ்ஐ போதும், யாராவது பெரிய எலக்ட்ரிக் பம்ப் மாட்டி வச்சிருந்தா ரெகுலேட்டர் போட்டே ஆகணும். ஆட்டோ சோக் இருந்தா சூட்டுல முழுசா திறக்குதான்னு பாருங்க.

அப்புறம் இன்ஜின் ஏன் இவ்வளவு சூடாகுதுன்னு கேளுங்க. டைமிங் ரொம்ப ரிட்டார்டா (ஸ்பார்க் தாமதமா) இருந்தா எக்ஸாஸ்ட் தாறுமாறா சூடாகும். ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், தளர்ந்த ஃபேன் பெல்ட், இதெல்லாம் வழக்கமானது. சில இன்ஜின்ல குளிருக்காக எக்ஸாஸ்ட் சூட்டை கார்ப்ரேட்டர் அடிக்கு அனுப்புற ஒரு வால்வு இருக்கும், அது துரு புடிச்சு மூடின நிலையில மாட்டிக்கிட்டா எப்பவுமே அடியில அடுப்பு எரியுற மாதிரிதான். கையால சுத்திப் பாருங்க, இறுகியிருந்தா துரு எண்ணெய் போட்டு விடுவிக்கணும்.

பெட்ரோல் பைப் எக்ஸாஸ்ட்டுக்கு பக்கத்துல, தண்ணி ஹோஸை ஒட்டி போனா தள்ளிப் போடுங்க, வெப்பம் தாங்குற உறை மாட்டுங்க. ரப்பர் ஹோஸ் எத்தனால் தாங்குறதா இருக்கணும், பழைய ஹோஸ் வெடிச்சு சொட்டுச்சுன்னா தீப்புடிக்கும். வேப்பர் லாக் விடவே இல்லைன்னா டேங்க் பக்கத்துல, டேங்க்கை விடத் தாழ்வா குறைஞ்ச அழுத்த எலக்ட்ரிக் பம்ப் வைக்கலாம், தள்ளி விடுறப்ப அழுத்தம் கூடுறதால ஆவியாகுறது குறையும். மோதல் ஆனா பம்ப்பை அணைக்கிற இனர்ஷியா சுவிட்ச் இல்லாம அதை மாட்டாதீங்க.

எல்லாம் சரியா இருந்தும் சூட்டுல மட்டும் எடுக்கலைன்னா டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல இருக்கிறது) பாருங்க. இடைவெளி இறுகியிருந்தா சூட்டுல வால்வு தண்டு நீண்டு, வால்வு முழுசா உக்காராம கம்ப்ரஷன் போயிடும். சூடான இன்ஜின்ல எல்லா பிளக்கையும் கழட்டி, த்ராட்டிலை முழுசா திறந்து வச்சு கம்ப்ரஷன் அளந்தா தெரிஞ்சிடும். கார்ப்ரேட்டர் இல்லாம 1973ல வந்த போஷ் கே ஜெட்ரானிக் மாதிரி இன்ஜெக்ஷன் வச்ச வண்டின்னா கதை வேற, நிறுத்தின பிறகும் லைன்ல அழுத்தம் நிக்கணும், அதைப் புடிச்சு வைக்கிற அக்யுமுலேட்டரும் பம்ப்போட செக் வால்வும்தான் முதல்ல பார்க்க வேண்டியது.

கடைசியா, கார்ப்ரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல போடுற ஃபைபர் ஸ்பேசர். மேல சொன்னதெல்லாம் சரியா இருந்தும் ஃப்ளட்டிங் நிக்கலைன்னா நான் பரிந்துரைக்கிறது இதைத்தான், சூடு ஏறுற வழியையே இது அறுத்துடுது. பழைய ஸ்பேசர் இருந்தா அதுல விரிசல் இருக்கான்னு பாருங்க, சிலர் தெரியாம அதை எடுத்துட்டு வெறும் கேஸ்கெட் போட்டிருப்பாங்க. 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டா அதை இறுக்குற ஸ்டட்டும் (மறை போட்ட கம்பி) முன்ன இருந்ததை விட அந்த 10 மில்லிமீட்டர் கூடுதல் நீளமா வேணும், ரெண்டு பக்கமும் புது கேஸ்கெட், குறுக்கு மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், ஒரே பக்கம் இறுக்கினா கார்ப்ரேட்டர் அடித்தட்டு வளைஞ்சு காத்து இழுக்கும். த்ராட்டில் கம்பியும் சோக் கம்பியும் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க, ஒருத்தரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி முழுசா திறக்குதா, விட்டா முழுசா மூடுதான்னு கண்ணால பாருங்க. ஏர் ஃபில்டர் மேல ஒரு களிமண் உருண்டையை வச்சு பானட்டை மெதுவா மூடித் திறங்க, நசுங்கின உருண்டையோட உயரம்தான் உங்களுக்கு மிச்சம் இருக்கிற இடம்.